வெறுஞ்சாக்கின் எடை

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு ஒரு கருமாதிக்காகப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் காம்பராப் பையன் ஒருவன் வந்து போனை நீட்டினான்.

“சேர், இது சிறுத்தைதானே? கொஞ்சம் வெளிச்சமாக்கிப் பார்த்துச் சொல்லுங்களேன்.”

படம் முழுக்கக் கறுப்பு. நடுவில் கொஞ்சம் கறுப்புக் குறைந்த ஒரு திட்டு. லயத்துக்கு மேலே மானாப்புல் மண்டிய ஓரத்தில் இரவு எட்டு மணிக்கு எடுத்ததாம். எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர், “அது நம்ம கங்காணி வீட்டு நாய்டா” என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார். பையன் விடவில்லை. படத்தைத் திருத்தும் செயலியைத் திறந்து வெளிச்சத்தைக் கடைசிவரை கூட்டினான். கறுப்பு சாம்பலானது. சாம்பல் முழுக்க மிளகாய்த்தூளையும் மஞ்சளையும் கலந்து தூவியதுபோல் பொடிப்பொடியாகப் புள்ளிகள் கிளம்பின.

“பாருங்க, புள்ளி தெரியுது!”

தெரிந்தது உண்மைதான். ஆனால் அதே புள்ளிகள் வானத்திலும் இருந்தன, பக்கத்துச் சவுக்கு மரத்திலும் இருந்தன. எல்லாம் போனுக்குள் முளைத்த புள்ளிகள். கமெராத் துறையில் அதற்கு இரைச்சல் என்று பெயர். காதுக்குரிய சொல் கண்ணுக்கு வந்தது வானொலி வழியாக. ஒரு காலத்தில் லயத்துக் காம்பராக்களில் இலங்கை வானொலியைத் தேடி முள்ளைத் திருப்பியவர்களுக்கு அந்த ‘உஸ்ஸ்’ நினைவிருக்கும். நிலையம் சரியாகப் பிடிபடாதபோது சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் கூடும், உஸ்ஸும் கூடும். பையன் செய்தது அதைத்தான். போனில் ‘ஐஎஸ்ஓ’ எண்ணைக் கூட்டுவதும் பெரும்பாலும் இதே வேலைதான். வந்து சேர்ந்த ஒளி வந்து சேர்ந்ததுதான். பிற்பாடு பெருக்குவதால் ஒரு துளியும் கூடாது.

இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள வேறுபாடு வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். சிறுத்தையின் தோலில் உள்ள ரோசாப்பூ போன்ற வளையங்கள் நம் கைரேகை மாதிரி. இரண்டு சிறுத்தைக்கு ஒரே அமைப்பு இருக்காது. ஒரே சிறுத்தையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கூட வேறு வேறு. அதனால்தான் ஆய்வாளர்கள் ஒற்றையடிப் பாதையின் இரு பக்கமும் எதிரெதிராகத் தானியங்கிக் கமெராக்களைக் கட்டுகிறார்கள். அஞ்சலி வட்சனும் அன்ட்ரூ கிட்டிலும் தொடங்கிய வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை, இப்படித்தான் மலையகத்தில் தேயிலையும் காட்டுத் துண்டுகளும் மாறிமாறி வரும் நிலங்களில் சிறுத்தைகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிவு செய்துவருகிறது. அந்தக் கணக்கு முழுவதும், இருட்டில் எடுத்த படமொன்றில் ஒரு வளையம் நிசமா பொய்யா என்ற கேள்வியில் தொங்குகிறது.

சரி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது? முதல் காரணத்துக்குக் கமெராவைக் குறை சொல்லவே முடியாது. அது ஒளியின் குணம்.

தகரக் கூரையில் மழை தொடங்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு துளி, பிறகு சற்றுத் தள்ளி இரண்டு, இடைவெளி விட்டு நாலு. வாசலில் ஒரே அளவான பத்துக் குவளைகளை வரிசையாக வைத்து ஒரு நிமிடம் கழித்து எண்ணினால் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை இருக்காது. ஒன்றில் ஏழு துளி, பக்கத்தில் பன்னிரண்டு, அடுத்ததில் ஒன்பது. மழை யாருக்கும் வஞ்சகம் செய்யவில்லை. துளித்துளியாய் விழும் எதற்கும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. ஒளியும் அப்படித் துகள் துகளாகத்தான் விழுகிறது. பாடநூலில் அதைப் போட்டன் என்று படித்திருப்பீர்கள். கமெராவின் உணரி என்பது கோடிக்கணக்கில் அடுக்கிய நுண்ணிய குவளைகள். ஒவ்வொரு குவளையும் ஒரு பிக்சல். விழும் ஒளித்துகள் சிலிக்கனிலிருந்து ஒரு இலத்திரனைத் தட்டி விடுகிறது. இலத்திரன்களை எண்ணினால் வெளிச்சத்தின் அளவு.

ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதற்கு ஓர் அழகான விதி இருக்கிறது: எண்ணிக்கையின் வர்க்கமூலம். ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 10,000 துகள் வந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும். நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்கே தெரியாது. 100 துகள் வந்தால் 10, அதாவது நூற்றுக்குப் பத்து. வெறும் 9 துகள்தான் வந்தது என்றால் 3. மூன்றில் ஒரு பங்கு நிச்சயமில்லை. உச்சி வெயிலைவிட முழுநிலா வெளிச்சம் ஏறக்குறைய 4 இலட்சம் மடங்கு மங்கல். நிலாவும் இல்லாத இரவில் நட்சத்திர வெளிச்சம் அதிலும் நூறு மடங்குக்கு மேல் மங்கல். மானாப்புல் ஓரத்தில் நின்ற அந்த உயிர், பையனின் போனுக்கு ஒரு பிக்சலுக்கு எத்தனை துகள் அனுப்பியிருக்கும் என்று யோசித்தால் அந்த மிளகாய்த்தூளின் மர்மம் விளங்கிவிடும். 1918இல் ஜெர்மனியின் வால்டர் ஷொட்கி வெற்றிடக் குழாய் மின்னோட்டத்தில் இதே நடுக்கத்தைக் கண்டு, ஈயச் சன்னங்கள் சிதறி விழுவதுபோல் இருப்பதால் அதற்குச் சன்னத்தின் பெயரையே வைத்தார். அவர் தகரக் கூரைக்குக் கீழே வாழ்ந்திருந்தால் மழையின் பெயரை வைத்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

இந்த முதல் இரைச்சலை எந்தப் பொறியியலாளராலும் ஒழிக்க முடியாது. கூடுதல் துகள்களைச் சேர்ப்பது ஒன்றே வழி. அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒழிக்கக்கூடிய இரைச்சல்களைப் பார்த்துவிடலாம். அவற்றைப் புரிந்துகொள்ளக் கொழுந்து மடுவத்தைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

மடுவத்தில் என்ன நடக்கிறது? சாக்கோடு கொழுந்தைத் தராசில் தொங்கவிடுகிறார்கள். முள் காட்டும் எடையில் சாக்கின் எடையும் இருக்கிறது, மழை நாளென்றால் தண்ணீரும் இருக்கிறது. ஆகவே கழிவு என்று இத்தனை கிலோவைக் கழித்துத்தான் பேரேட்டில் எழுதுவார்கள். எல்லோருக்கும் ஒரே கழிவு. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வாக்குவாதம் இந்த இடத்தில்தான். “என் சாக்கு புதுசு, காஞ்ச சாக்கு, எனக்கும் அதே கழிவா?” நியாயமான கேள்வி. அரைக் கிலோ குறைந்தாலே முழுநாள் கூலியான முழுப்பேர் அரைப்பேர் ஆகிவிடக்கூடிய இடத்தில் சராசரிக் கழிவு யாரோ ஒருத்தியின் தலையில் விழுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய தராசின் முள், சாக்கை எடுத்த பிறகு சரியாகப் பூச்சியத்துக்குத் திரும்பாது. ஒருமுறை சற்று மேலே நிற்கும், மறுமுறை சற்றுக் கீழே.

கமெரா உணரியிலும் அச்சொட்டாக இந்த இரண்டு குறையும் உண்டு. ஒவ்வொரு பிக்சலின் மூலையிலும் இலத்திரன்களை அளக்க ஒரு குட்டிக் கொள்ளளவி இருக்கிறது, அதுதான் தராசு. படம் எடுக்குமுன் அதைப் பூச்சியத்துக்குத் திருப்புவார்கள். ஆனால் வெப்பத்தால் அணுக்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பதால் முள் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும். வெப்பத்தால் மின்சுற்றில் இப்படி இரைச்சல் எழும் என்பதை 1928இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன்சனும் நைக்குவிஸ்டும் கணக்கோடு காட்டினார்கள். கொள்ளளவம் 1 ஃபெம்டோபரட் என்று வைத்துக்கொண்டால் (ஒரு பரட்டைக் கோடிகோடியால் வகுத்து, மேலும் பத்தால் வகுத்த அளவு) அறை வெப்பநிலையில் முள்ளின் தடுமாற்றம் ஏறத்தாழ 13 இலத்திரன். அளக்க வந்ததே 9 இலத்திரன். கொழுந்தைவிடச் சாக்கு கனம்!

இதற்குக் கண்டுபிடித்த மருந்து, மடுவத்துப் பெண்கள் கேட்கும் அதே நியாயம்தான். சராசரிக் கழிவு வேண்டாம்; என் சாக்கை, இந்த நிமிடத்தில், வெறுமையாக ஒருமுறை நிறு. பிறகு கொழுந்தைப் போட்டு மறுபடி நிறு. இரண்டையும் கழி. முள் எங்கே தொடங்கினாலும் கவலையில்லை, வித்தியாசம் கொழுந்தின் எடைதான். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் மார்வின் வைட்டும் அவரது குழுவினரும் 1970களின் தொடக்கத்தில் மங்கல் ஒளிக்கான உணரிகளுக்காக இந்த இரட்டை அளவீட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பிக்சலையும் இப்படி இரண்டு தரம் நிறுக்கிறது. கணக்கப்பிள்ளைமாருக்கு இது தெரிந்தால் நல்லது.

ஒரு நிபந்தனை உண்டு. வெறுஞ்சாக்கை நிறுக்கும்வரை கொழுந்து வேறெங்காவது பத்திரமாகக் காத்திருக்க வேண்டும். நிறுத்த பிறகு ஒரு இலைகூடச் சிந்தாமல் சாக்குக்குள் வர வேண்டும். 1969இல் பெல் ஆய்வுகூடத்தின் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி உணரி, இலத்திரன் கூட்டத்தை வாளி வாளியாகக் கைமாற்றிக் கடைசித் தராசுக்குக் கொண்டுவரும் சாதனம். அதற்காகவே 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1980இல் ஜப்பானில் என்இசி நிறுவனத்தின் நொபுகாசு தெரனிஷி, ஒளி விழும் பகுதியின் மேற்பரப்பை ஒரு மெல்லிய அடுக்கால் மூடி, இலத்திரன்கள் அங்கே மிச்சமில்லாமல் முழுவதும் தராசுக்கு இறங்கும்படி செய்தார். 1990களில் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தில் எரிக் ஃபோசம், ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு தராசை வைத்தார். இந்தக் கண்டுபிடிப்புகள் ஒன்று சேர்ந்ததுதான் இன்றைய போன் கமெரா. ஆரம்பத்தில் பத்துக்கணக்கில், சமயத்தில் நூற்றுக்கணக்கில் இருந்த அளவீட்டுத் தடுமாற்றம் இப்போது நல்ல உணரிகளில் ஒன்றிரண்டு இலத்திரனுக்கு வந்துவிட்டது. 2017இல் பொறியியலுக்கான எலிசபெத் மகாராணி பரிசு ஃபோசம், தெரனிஷி, ஸ்மித், மைக்கேல் டொம்செட் ஆகிய நால்வருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது.

இனி மூன்றாவது இரைச்சல். இது ஊவா மாகாணத்தாருக்கென்றே படைத்தது போன்றது.

கமெராவின் கண்ணைக் கறுப்புத் துணியால் இறுக மூடிவிட்டு ஒரு படம் எடுங்கள். ஒரு துகள் ஒளியும் உள்ளே போகவில்லை. ஆனாலும் பிக்சல்களில் இலத்திரன் சேரும். வெப்பமே சில இலத்திரன்களை உதறி விடுகிறது. உணரிக்கு அது ஒளி தட்டியதா வெப்பம் உதறியதா என்று பிரித்துத் தெரியாது. இதை இருட்டு மின்னோட்டம் என்கிறார்கள். சிலிக்கனில் வெப்பநிலை 6 முதல் 8 பாகை கூடும்போதெல்லாம் இது இரட்டிப்பாகும். அதே அளவு குறைந்தால் பாதியாகும்.

இப்போது வெல்லவாயவிலிருந்து பஸ் ஏறுவோம். கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீற்றர் அளவிலுள்ள புழுக்கமான ஊர். தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி, கொஸ்லாந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறி, ஹப்புத்தளையில் இறங்கும்போது 1,400 மீற்றருக்கு வந்துவிட்டோம். ஜன்னலை இழுத்து மூடத் தோன்றும். ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குளிரும் என்ற கணக்கில் 8 பாகை வித்தியாசம். பையில் இருந்த கமெரா ஒரு பொத்தானும் அழுத்தாமலே தன் இருட்டு மின்னோட்டத்தைப் பாதியாக்கிக்கொண்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாம் சபிக்கும் குளிர், நட்சத்திரப் படம் எடுப்பவனுக்கு இலவச இயந்திரம். ஹப்புத்தளை மேட்டில் தெளிந்த இரவொன்றில் தெற்கே பார்த்து அகத்திய நட்சத்திரத்தை எடுப்பவருக்கு, கீழே சமவெளியில் நின்று எடுப்பவரைவிட இந்த ஒரு சலுகை உண்டு.

மிகைப்படுத்தவும் கூடாது. போனில் கால் விநாடி திறந்து எடுக்கும் படத்தில் இருட்டு மின்னோட்டம் அநேகமாக ஒரு பொருட்டே இல்லை; மேலே சொன்ன முதல் இரண்டும்தான் அங்கே ஆட்சி. அரை நிமிடம், ஐந்து நிமிடம் என்று திறந்து வைக்கும்போதுதான் இது தலை தூக்கும். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986இல் திறந்துவைத்த 2.34 மீற்றர் வைணு பாப்பு தொலைநோக்கி போன்றவற்றில், உணரியைத் திரவ நைதரசன் கொண்டு பூச்சியத்துக்குக் கீழே நூறு பாகை அளவுக்குக் குளிர வைப்பார்கள். இரவு முழுக்கத் துகள் துகளாகச் சேர்த்த ஒளி வெப்பத்தின் உதறலில் மூழ்கிவிடக் கூடாதே.

வீட்டிலும் பார்க்கலாம். பதுளையில் என் வீட்டில் ஒருநாள் இரவு போனின் கையியக்க முறையில் 30 விநாடி வைத்து, லென்சைத் துணியால் மூடி, போனையே பிஸ்கட் டின்னுக்குள் போட்டு எடுத்துப் பார்த்தேன். படத்தை உருப்பெருக்கினால் அங்கங்கே சில பிக்சல்கள் மட்டும் சிவப்பாகவும் நீலமாகவும் கண் விழித்துக்கொண்டிருந்தன. மறுபடி எடுத்தால் அதே இடங்களில் அதே கண்கள். அவை உணரியின் நிரந்தரக் கோளாறுகள். சாக்கில் உள்ள கிழிசல் மாதிரி, ஒருமுறை குறித்துவைத்தால் எல்லாப் படத்திலிருந்தும் கழித்துவிடலாம். வானியல் படம் எடுப்பவர்கள் இப்படிப் பல இருட்டுப் படங்களை எடுத்துச் சராசரியாக்கி, அசல் படத்திலிருந்து கழிப்பார்கள். இருட்டு மின்னோட்டத்தின் சராசரி இதனால் போகும். அதற்கும் வர்க்கமூல நடுக்கம் உண்டு என்பதால் அந்த நடுக்கம் போகாது. கழித்துத் தீர்க்க முடியாததைக் குளிர்வித்துத்தான் தீர்க்க வேண்டும்.

நம் கண்ணுக்கும் இந்த நோய் உண்டு. விழித்திரையின் கோல் கலங்களில் ஒளியைப் பிடிக்கும் நிறமி மூலக்கூறு, சில சமயம் வெறும் வெப்பத்தால் தானாகவே உருமாறி ‘ஒளி வந்தது’ என்று பொய்த் தந்தி அடிக்கும். குரங்கின் ஒரு கோல் கலத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி நடப்பதை 1980களில் அளந்திருக்கிறார்கள். ஒரு கலத்தில் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இருந்தும் இவ்வளவு குறைவு என்பது எந்தப் பொறியியலாளரையும் பொறாமைப்பட வைக்கும். கோல் கலங்களில் ஐந்து முதல் பதினான்கு துகள்கள் வரை பட்டாலே மனிதனுக்கு ஒரு மின்னல் தெரிந்துவிடும் என்று ஹெக்ட், ஷ்லேயர், பிரென் மூவரும் 1942இல் காட்டினார்கள். இதிலும் நம்மை வென்றது ஒன்று உண்டு: தேரை. 1988இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள், குளிர்ந்த உடம்புள்ள தேரை நமக்கு எதுவும் தெரியாத மங்கலில்கூட இரையைப் பார்த்துக் கவ்வுவதைப் பதிவு செய்தார்கள். அதன் உடம்பில் வெப்பம் குறைவு, கண்ணில் பொய்த் தந்தியும் குறைவு. கானோரத்தில் கத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தேரை, காவலூர் மலையில் செய்யும் வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. சத்தமில்லாமல் என்பது சரியில்லைதான்.

துகள்களைக் கூட்டுவதற்கு வருவோம். வழிகள் பழையவை. பெரிய வாய், பெரிய குவளை, நீண்ட நேரம். போனின் பிக்சல் ஒரு மைக்ரோமீற்றர் அகலம். பெரிய கமெராவில் ஆறு மைக்ரோமீற்றர் அளவில் இருக்கும். பரப்பளவில் 36 மடங்கு. போன் விளம்பரங்களில் பிக்சல் எண்ணிக்கையைக் கொட்டி முழக்குவார்கள். இரவுப் படத்துக்கு நான் பார்ப்பது உணரியின் மொத்தப் பரப்பையும் லென்சின் வாயையும்தான்.

பரப்பைக் கூட்டாமலே செய்த ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பழைய உணரிகளில் மின்கம்பிகள் குவளை வாயின் மேலாக ஓடின. அவை நிழல் விழுத்தின. உணரியையே குப்புறப் புரட்டி, முதுகைச் சீவி மெலிதாக்கி, அந்தப் பக்கமாக ஒளியை வாங்கினால் கம்பிகள் கீழே போய்விடும். 2009 முதல் சோனி நிறுவனம் இதைக் கடைக் கமெராக்களுக்குக் கொண்டுவந்தது. நம் கண்ணிலும் நரம்புகள் ஒளியுணரும் கலங்களுக்கு முன்னால்தான் ஓடுகின்றன. சாக்குக்கணவாயின் கண்ணில் பின்னால் ஓடுகின்றன. புரட்டும் வேலையைக் கணவாய் முன்பே முடித்துவிட்டது. சிறுத்தை வேறு வழியை எடுத்தது. அதன் விழித்திரைக்குப் பின்னே ஒரு கண்ணாடிப் படலம் இருக்கிறது. முதல் முறை பிடிபடாமல் தப்பிய துகள் அதில் பட்டுத் திரும்பி வரும்போது இரண்டாவது முறை பிடிபடலாம். டோர்ச் அடித்தால் அதன் கண் பற்றி எரிவது அதனால்தான். இருட்டில் நாம் அதைப் பார்ப்பதைவிட அது நம்மைத் தெளிவாகப் பார்க்கிறது.

வண்ணத்துக்கும் விலை உண்டு. 1976இல் கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற முறைப்படி ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு வடிகட்டி போடுகிறார்கள். வரும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கு அளவு அங்கேயே போய்விடும். காட்டுக் கமெராக்கள் இரவில் வண்ணத்தைக் கைவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கை எரித்துக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதன் நியாயம் இதுவே. 850 நானோமீற்றர் விளக்கு என்றால் இலேசான சிவப்புக் கனல் தெரியும். 940 என்றால் ஒன்றும் தெரியாது. ஆனால் 1,100 நானோமீற்றரை நெருங்க நெருங்கச் சிலிக்கன் ஒளியைப் பிடிக்காமல் விட்டுவிடும் என்பதால் 940இல் எடுத்த படம் கூடுதல் பொடிப்பொடியாக இருக்கும். திருடனுக்கும் தெரியக் கூடாது, படமும் தெளிவாக வேண்டும் என்று கேட்கும்போது இரண்டும் உண்டு என்று சொல்லும் கடைக்காரர் ஏதாவது ஒன்றில் பொய் சொல்கிறார்.

இருட்டு என்றால் இரவு மட்டும் என்றும் இல்லை. தேயிலைத் தொழிற்சாலைகளில் நாரையும் காம்பையும் பொறுக்கி எடுக்கும் நிறம்பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே கண் கூசும் விளக்கு. ஆனால் ஒரு தேயிலைத் தூள் கமெராவுக்கு முன்னால் விழுந்து கடக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு நேரத்தில் ஒரு பிக்சலுக்கு வரும் துகள் கொஞ்சம்தான். அங்கே இரைச்சலைக் காம்பு என்று நினைத்து இயந்திரம் காற்றை ஊதினால் நல்ல தூள் கழிவுப் பெட்டிக்குப் போகும்.

நீண்ட நேரம் திறந்து வைப்பதிலும் சிக்கல். கை நடுங்கும், சிறுத்தை நடக்கும், கச்சான் காற்றில் சவுக்கு ஆடும். அதனால் போன்கள் வேறு தந்திரத்தைக் கையாள்கின்றன. ஒரே நீண்ட படத்துக்குப் பதிலாகப் பல குறும்படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்திச் சராசரியாக்குவது. அசையாமல் நிற்கும் சிறுத்தை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். 16 படம் சேர்த்தால் இரைச்சல் நாலில் ஒன்றாகும். வர்க்கமூல விதி இங்கே நம் பக்கம் நின்றாலும் கஞ்சத்தனம் மாறாது. எட்டில் ஒன்றாக்க 64 படம் வேண்டும். 2018இல் கூகிளின் பிக்சல் போன்களில் வந்த ‘நைட் சைட்’ இந்த வழியில் கையில் பிடித்தபடியே இரவுப் படம் எடுக்க வைத்து எல்லோரையும் வியக்க வைத்தது. அசையும் பொருளைப் பொருத்த முடியாதபோது அந்தப் பகுதியை ஒன்றிரண்டு படத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே மலை தெளிவாக இருக்கும், நடந்துபோன விலங்கு மட்டும் பொடிப்பொடியாக இருக்கும்.

கடைசியாக மென்பொருள். பக்கத்துப் பிக்சல்களோடு சராசரியாக்கி வழவழப்பாக்குவது மிகப் பழைய முறை. புள்ளி போகும், சிறுத்தையின் புள்ளியும் சேர்ந்தே போகும். புவாடேஸ் என்ற ஆய்வாளரும் அவரது இரு தோழர்களும் 2005இல் இதைவிட நுட்பமான ஒன்றைச் சொன்னார்கள். பக்கத்தில் உள்ளதோடு சேர்க்காதே. படத்தில் எங்கிருந்தாலும் தன்னைப் போன்ற துண்டோடு சேர். தேயிலை மலையில் இந்த நிரைக்கு அந்த நிரை சாட்சி சொல்வதுபோல. இன்று வருபவை அதையும் தாண்டி, இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு முறைகள். அவை கொடுக்கும் படம் வழவழவென்று, கடையில் வாங்கிய நாட்காட்டிப் படம்போல் வரும்.

எனக்கு இந்த இடத்தில்தான் அச்சம். சிறுத்தைகளை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு, மங்கலான மஞ்சள் திட்டொன்றைக் கொடுத்தால் அது வளையங்களை வரைந்து தரக்கூடும். அழகான வளையங்கள், எந்தச் சிறுத்தையிலும் இல்லாத வளையங்கள். தராசில் போடாத கொழுந்துக்குப் பேரேட்டில் எடை எழுதுவதும் இதுவும் ஒன்று. திருமணப் படத்துக்கு அது போதும். எந்தச் சிறுத்தை எந்தத் தோட்டத்தில் நடமாடுகிறது, லயத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் எந்த வழியால் பள்ளிக்கூடம் போகலாம் என்று முடிவெடுக்க வேண்டிய படத்துக்கு அது ஆகாது. அந்த வகைப் படத்தில் திருத்தாத மூலக்கோப்பு இல்லாமல் எந்தச் சாட்சியையும் ஏற்கக் கூடாது என்பது என் கட்சி.

பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கருமாதி வீட்டில் அவ்வளவு நேரம் ஏது. இந்தப் படத்தில் சிறுத்தை என்றும் சொல்ல முடியாது, நாய் என்றும் சொல்ல முடியாது என்றேன். பெரியவருக்குத் திருப்தியில்லை. பையனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இரவில் மானா ஓரத்தில் ஏதாவது தெரிந்தால் வெளியே இறங்கிக் கிட்டப் போகாதீர்கள். இஸ்தோப்புச் சுவரிலோ ஜன்னல் கட்டையிலோ போனைச் சாத்தி, ஆடாமல் வைத்து, பெரிதாக்காமல், ஒன்றுக்குப் பதில் பத்துப் படம் எடுங்கள். விலங்கு போன பிறகு போனை அசைக்காமல் அதே இடத்தை இன்னும் இரண்டு படம் எடுங்கள். அதுதான் உங்கள் வெறுஞ்சாக்கு. எந்தப் படத்தையும் செயலியில் திருத்தி மேலெழுதிவிடாதீர்கள், வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கி, மிச்சமிருந்த கொஞ்ச ஒளியும் வழியிலேயே போய்விடும்.